40-க்கு மேல் விமானி ஆக எந்த வழி?

"இந்த வயதில் விமானி ஆக முடியுமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொல்வேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் விமானத்தில், இரண்டு விமானிகள் இருந்தாலும், 65 வயது நிறைந்தவர் விமானியாக உட்கார முடியாது. 2006 நவம்பர் வரை கேப்டனுக்கு அந்த வரம்பு 60 ஆக இருந்தது. 67 ஆக்க வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக ஓடுகிறது. ஆனால் 2024-இல் அமெரிக்காவில் வந்த விமானத் துறைச் சட்டமும் 65-ஐத் தொடவில்லை. எனவே அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, 65-இல் இருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். பயிற்சிக்கு 2 வருடம், வேலை தேடவும் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு விமான ரகத்தை ஓட்டும் தகுதி) முடிக்கவும் 1 வருடம் என்று இன்னும் 3 கழியுங்கள். 40 வயதுக்காரருக்கு 22 வருடம் மிஞ்சும். 48-க்கு 14. 55-க்கு 7. 22 வருடம் என்பது ஒரு முழுத் தொழில் வாழ்க்கை. 14 வருடம் போதும், ஆனால் ஒரு தவறான திருப்பத்தைக்கூடத் தாங்காது. 7 வருடம் மிஞ்சுபவர் பெரிய விமான நிறுவனங்களை விட்டுவிட்டு வேறு வகைப் பறக்கும் வேலையைப் பார்ப்பது நல்லது. எந்த வழி சரி என்பதை இந்த மிச்சக் கணக்குதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

நான் 38-இல் தொடங்கினேன். அதற்கு முன் 14 வருடம் கணினி வேலை. 41-இல் வணிக விமானி உரிமம், இரண்டு வருடம் பயிற்றுநர் வேலை, 43-இல் ஏ.டி.ஆர். 72 என்ற டர்போப்ராப் விமானத்தில் துணை விமானி. இன்று 47. அதனால் கீழே சொல்வதில் பாதி விதிமுறை, பாதி நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் மெடிக்கல்

எந்த வழியை ஒப்பிடுவதற்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கான பரிசோதனையை முடித்துவிடுங்கள். பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் மருத்துவரிடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு நிறக்குருடு இருப்பது 42 வயதில் இஷிஹாரா புள்ளிப் படங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கண்ணாடி அணிவது தடை இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும் என்கிறது ஐ.சி.ஏ.ஓ. நாற்பதைத் தாண்டியவருக்கு வேறு பிரச்சினை. கையில் வைத்திருக்கும் வரைபடம் ஒரு தூரம், எதிரே இருக்கும் கருவிப் பலகை இன்னொரு தூரம், ஓடுபாதை மூன்றாவது தூரம். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். ப்ரோக்ரசிவ் லென்ஸுக்குப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும் பையில் இருந்தாக வேண்டும், இது விதி.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதால் மட்டும் கதவு மூடிவிடாது, கட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கும் எல்லை 155/95. சிறுநீரகக் கல் இருந்தால், அது பறக்கும்போது திடீரென முடக்கிவிடாது என்பது உறுதியாகும் வரை பறக்க விட மாட்டார்கள். அமெரிக்காவில் 40 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் 12 மாதம் செல்லும், 40 ஆனதும் 6 மாதம்தான். வருடத்துக்கு ஒரு இ.சி.ஜி.யும் கட்டாயம். ஆக, அங்கே பிற்காலத்தில் வருகிறவர் தன் வேலையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் மேசையில் வைத்து எடுக்கிறார். உரிமம் இழந்தால் ஈடு தரும் காப்பீடு உண்டு. அதன் கட்டணம் வயதோடு ஏறும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதையும் செலவுப் பட்டியலில் சேருங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சி

ஒரே பள்ளியில் சேர்ந்து, பூஜ்யத்திலிருந்து வணிக உரிமம் வரை ஒன்றரை இரண்டு வருடத்தில் முடிக்கும் வழி இது. ஐரோப்பாவில் இதை இன்டெகிரேட்டட் படிப்பு என்பார்கள். ஐ.சி.ஏ.ஓ. வணிக உரிமத்துக்குப் பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்கக் கேட்கிறது; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் படித்தால் 150 போதும் என்று சலுகையும் தருகிறது. நேரம்தான் இந்த வழியின் பெரிய லாபம். 45 வயதுக்காரருக்கு ஒவ்வொரு வருடமும் எண்ணி வைத்தது. அது ஏன் என்று கீழே சீனியாரிட்டி பற்றிச் சொல்லும்போது புரியும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. தினமும் பறந்தால் கை மறக்காது. குறிப்பாக வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி இரண்டு வாரம் விட்டாலே கையை விட்டுப் போய்விடும். ஆறு கருவிகளையும் கண் ஒரே தாளத்தில் சுற்றிவர வேண்டும். அந்தத் தாளம் தினசரிப் பழக்கத்தில் மட்டும் நிற்கிறது.

இனி பாதகம். சம்பளம் நின்றுவிடும், பெரும்பாலும் கடனும் சேரும். 25 வயதுக்காரர் கடனை அடைக்க 40 வருடம் வைத்திருக்கிறார், நமக்கு அது இல்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் ஒன்றாக நிற்கும் வயதில் வருமானமில்லாத இரண்டு வருடம் என்பது சும்மா இரண்டு வருடம் இல்லை. அதோடு பயிற்சி முடிகிற நேரத்தில் சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2020-இல் உலக விமானப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 60 சதவிகிதம் விழுந்தது. 2019-இல் வேலையை விட்டுப் பயிற்சியில் சேர்ந்தவர் உரிமம் வாங்கி வெளியே வந்தபோது, அனுபவமுள்ள விமானிகளே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

குறைந்தது மூன்று வருடக் குடும்பச் செலவு கடன் இல்லாமல் தனியாக இருக்கிறது, துணைவரும் சம்பாதிக்கிறார், வயது 42-க்குக் கீழே. இந்த மூன்றும் பொருந்தினால் முழுநேர வழியைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டு பொருந்தினால் யோசிக்க வேண்டும். ஒன்றுதான் என்றால், அடுத்த வழிக்கு வாருங்கள்.

வேலையோடு படிப்படியாக

நான் எடுத்தது இதைத்தான். மாடுலர் என்பார்கள். முதலில் தனிநபர் உரிமம், பிறகு மணிக்கணக்கைச் சேர்ப்பது, பாடத் தேர்வுகள், வணிக உரிமம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின், கடைசியில் இரண்டு விமானிகள் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கலாம். முக்கியமாக, ஒவ்வொரு படியிலும் இறங்கியும் விடலாம். முதல் படியோடு நின்றாலும் சொந்தமாகப் பறக்கும் உரிமம் கையில் இருக்கும். முழுநேரப் படிப்பில் பாதியில் நின்றவர் கையில் பல நேரம் பறந்த மணி நேரங்களைக் குறிக்கும் லாக்புக்கைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

ஆனால் இந்த வழியைப் பற்றி "மெதுவாக, உங்கள் வசதிப்படி" என்று சொல்வார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். கடிகாரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஐரோப்பிய விதிப்படி, விமான நிறுவன விமானிக்கான ஏ.டி.பி.எல். உரிமத்தின் பாடத் தேர்வு 13 தாள். முதல் தாள் எழுதிய மாத முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் பதின்மூன்றையும் தேற வேண்டும். தேறிய பிறகு 36 மாதத்துக்குள் வணிக உரிமத்தையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வாங்கியாக வேண்டும். தவறினால் தாள்கள் காலாவதி. வானிலையியலும் விமான வழிகாட்டலும் அலுவலகம் முடிந்து வந்து இரவு பத்து மணிக்குப் படிக்கிற பாடங்கள் இல்லை. நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தேன். இரண்டு வருடம் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் முழு மனதோடு நான் போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் செய்த தவறு, வார இறுதியில் மட்டும் பறந்தது. ஒரு சனிக்கிழமை மேகம், அடுத்த சனிக்கிழமை விமானம் பழுது, மூன்றாவது சனிக்கிழமை எனக்கு அலுவலக வேலை. ஒரு மாதம் கழித்துப் போனால் பழைய பாடத்தையே மறுபடி பறக்க வேண்டும். தனிநபர் உரிமத்துக்கு ஐ.சி.ஏ.ஓ. குறைந்தபட்சமாக வைத்திருப்பது 40 மணி நேரம். எனக்கு 71 ஆனது. அந்த 31 மணி நேரத்தின் பணம், இடைவெளிகளுக்கு நான் கட்டிய அபராதம். இன்று மறுபடி தொடங்கினால் சேமித்த விடுமுறையை ஒன்றாகச் சேர்த்து நான்கு வாரம் தொடர்ந்து பறந்து முதல் உரிமத்தை முடிப்பேன். மணிக்கணக்கு சேர்க்கிற நடுப்பகுதியை வேலையோடு நிதானமாகச் செய்வேன். இன்ஸ்ட்ருமென்ட், இரட்டை எஞ்சின் பகுதிக்கு மட்டும் நான்கைந்து மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுப்பேன், கிடைக்காவிட்டால் அப்போது வேலையை விடுவேன். அதற்குள் உங்களால் முடியும் என்பது உங்களுக்கும் பயிற்றுநருக்கும் தெரிந்திருக்கும், வேலையை விடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பதாக இருக்காது.

35-லிருந்து 48 வரை இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கலப்பு வழிதான் சரி என்று நான் நம்புகிறேன்.

பணம் கட்டுவது பற்றி ஒன்று. முழுத் தொகையையும் முன்னால் கட்டினால் தள்ளுபடி என்று எந்தப் பள்ளி சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு பள்ளியில் 50 மணி நேரத்துக்கு முன்பணம் கட்டினேன். அங்கே இருந்த ஐந்து விமானங்களில் மூன்று எட்டு மாதம் ஹேங்கரை விட்டு வெளியே வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்கவே இல்லை, மணி நேரங்கள்தான் சொட்டுச் சொட்டாகக் கிடைத்தன. பறந்த பிறகு பணம், அல்லது அதிகம் போனால் பத்து மணி நேரத்துக்கு முன்பணம். பள்ளியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்காராமல், எத்தனை விமானம் இன்று பறக்கிறது என்று எண்ணுங்கள். அங்கே படிக்கும் ஒரு மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு, போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேளுங்கள்.

கேடட் திட்டம்

விமான நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையும் தரும் வழி. 2006-இல் ஐ.சி.ஏ.ஓ. கொண்டுவந்த, பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்துக்கான எம்.பி.எல். உரிமமும் இந்தக் குடும்பம்தான். 240 மணி நேரம், அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில். கிடைத்தால் அருமை. போட்டி கடுமை, சில நிறுவனங்கள் மேல் வயது வரம்பும் வைத்திருக்கின்றன. எம்.பி.எல். படித்தவரின் உரிமம் அந்த நிறுவனத்தின் நடைமுறையோடு பிணைந்தது என்பதால், நடுவில் நிறுவனம் ஆளெடுப்பை நிறுத்தினால் வேறு இடத்துக்கு நகர்வது கடினம். விண்ணப்பியுங்கள், ஆனால் பதிலுக்காக ஒரு வருடத்தை உட்கார்ந்து கழிக்க வேண்டாம்.

உரிமத்துக்கும் முதல் வேலைக்கும் நடுவே

200 மணி நேரத்தோடு உரிமம் வாங்கியவரை எல்லா இடத்திலும் உடனே எடுத்துக்கொள்வதில்லை. 2009 பிப்ரவரியில் கோல்கன் ஏர் 3407 விமானம் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013-இல் இருந்து அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. விமானப் படையிலிருந்து வருபவருக்கும் விமானத்துறைப் பட்டம் பெற்றவருக்கும் குறைவு உண்டு. அங்கே வழக்கமான பாலம் பயிற்றுநர் வேலை. ஐரோப்பாவிலும் வேறு பல இடங்களிலும் 200 சொச்சம் மணி நேரத்தோடு நேரடியாக ஏ320-இலோ போயிங் 737-இலோ துணை விமானியாக உட்காரலாம், நிறுவனம் எடுத்தால். ஆக, ஒரே வயதில் தொடங்கிய இருவருக்கு எந்த நாட்டின் உரிமம் என்பதைப் பொறுத்து ஒன்றரை இரண்டு வருடம் வித்தியாசப்படும். எங்கே வேலை செய்யும் சட்டப்படியான உரிமை உங்களுக்கு இருக்கிறதோ அந்த நாட்டு உரிமத்தைத்தான் வாங்க வேண்டும். பயிற்சி மலிவு என்று வேறு நாட்டில் வாங்கினால், மாற்றும் செலவும் காலமும் மலிவை விழுங்கிவிடும்.

பயிற்றுநர் வேலையைப் பலர் கட்டாயத்துக்குச் செய்யும் இடைக்காலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய வரமாக அமைந்தது. பதற்றத்தோடு வந்த மாணவர் ஒருவரின் தரையிறக்கத்தை, கையை அவர் கையருகே வைத்துக்கொண்டு ஆனால் தொடாமல், பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் நான் கற்றது எந்தப் பாடத்திலும் கிடைக்கவில்லை. வயதும் இங்கே கைகொடுக்கிறது. மாணவர்கள் நரைத்த தலையை நம்புகிறார்கள்.

சீனியாரிட்டி

பிற்காலத்தில் வருபவர்கள் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத விஷயம் இது. பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில் எந்த விமானம், எந்த ஊர்த் தளம், எந்த விடுமுறை, எப்போது கேப்டன் என்பதெல்லாம் சேர்ந்த தேதியின் வரிசைப்படி. முன் அனுபவம், வயது, பழைய வேலையில் வகித்த பதவி எதற்கும் மதிப்பெண் இல்லை. உங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்த 26 வயதுப் பையன் நீங்கள் ஓய்வு பெறும் வரை உங்களுக்கு மேலேதான் இருப்பான். நிறுவனம் மாறினால் வரிசை எண் மறுபடி கடைசி. ஆள்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே.

அதனால் ஒப்பிடும்போது நிறுவனத்தின் பெயரை வைத்து ஒப்பிட வேண்டாம். நாம் மிஞ்சிய வருடத்தை எண்ணுகிறவர்கள். பெரிய நிறுவனத்தில் 12 வருடம் துணை விமானியாக வலது இருக்கையிலேயே இருப்பதா, சிறிய வட்டார நிறுவனத்தில் நான்கைந்து வருடத்தில் கேப்டன் ஆவதா? எனக்கு 22 வருடம் இருந்தால் முதலாவது. 14 வருடம் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவது. நேர்காணலுக்குப் போகும் முன், அங்கே கடைசியாகக் கேப்டன் ஆனவர் எந்த வருடம் சேர்ந்தவர் என்று விசாரித்துவிடுங்கள். அந்த ஒரு பதில் சம்பளப் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.

கற்கும் வேகம் குறையாதா?

குறையும். 22 வயது மாணவர் மூன்று முறையில் பிடிப்பதை எனக்கு ஐந்து முறை காட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே விமானிகளாக இருப்பவர்களைப் பற்றி 2007-இல் நியூராலஜி இதழில் ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு வந்தது. 40 முதல் 69 வயது வரையிலான 118 விமானிகளை மூன்று வருடம் சிமுலேட்டரில் சோதித்தார்கள். தொடக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். ஆனால் காலம் போகப் போக அவர்களின் திறன் இறங்கியது குறைவு. அதிகத் தகுதிநிலை உள்ளவர்கள் வயதைத் தாண்டி நன்றாகச் செய்தார்கள்.

நமக்கு எளிதாக வரும் பகுதியும் இருக்கிறது. 1978 டிசம்பரில் யுனைடெட் 173 விமானம் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவதை விமானி அறையில் இருந்த மற்ற இருவரும் சொன்னார்கள், ஆனால் அவர் காதில் ஏறும்படி சொல்லவில்லை. 10 பேர் இறந்தார்கள். அதிகாரம் உள்ளவரிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, சொன்னவரை எப்படிக் கேட்பது என்று விமானக் குழுக்களுக்குத் தனிப் பயிற்சி வந்ததில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ வகுப்பறையிலோ 15 வருடம் இருந்தவர் இதை ஏற்கெனவே நூறு முறை செய்திருப்பார். நேர்காணலில் உங்கள் பழைய தொழிலை மறைக்காதீர்கள். தவறு நடந்தபோது என்ன செய்தீர்கள் என்று அந்தத் தொழிலில் இருந்தே உதாரணம் சொல்லுங்கள்.

50-க்கு மேல் இருப்பவருக்கு

விமான நிறுவனத்தின் வலது இருக்கையைத் தவிர வேறு கதவுகளும் இருக்கின்றன. 65 வரம்பு கட்டணப் போக்குவரத்துக்குத்தான். பயிற்றுநருக்கு, மருத்துவத் தகுதி இருக்கும் வரை, அப்படி ஒரு வரம்பு பொதுவாக இல்லை. அமெரிக்காவின் உள்நாட்டு சார்ட்டர் (வாடகை) விமானங்களுக்கும் 65 வரம்பு இல்லை. ஆனால் ஐ.சி.ஏ.ஓ. விதிப்படி ஒரே விமானி ஓட்டும் கட்டண விமானத்துக்கு வரம்பு 60 என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானக் கட்டுப்பாட்டு அறை வேலையை மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அதில் சேர 31 வயதுக்குள் இருக்க வேண்டும், நமக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. ஃப்ளைட் டிஸ்பேட்சர் வேலை அப்படி இல்லை. எரிபொருள் எவ்வளவு, எந்தப் பாதை, மாற்று விமான நிலையம் எது என்று ஒவ்வொரு பயணத்தையும் தரையிலிருந்து திட்டமிடுபவர் அவர். அமெரிக்க விதிப்படி ஒரு பயணத்தை முன்கூட்டித் திட்டமிடுவதற்கும் புறப்பட விடுவதற்கும் கேப்டனும் அவரும் கூட்டுப் பொறுப்பாளிகள். குறைந்தது 200 மணி நேர வகுப்பு, சில வாரங்களில் முடியும். விமானத்தின் மீது உண்மையான காதல் இருந்து, மெடிக்கலில் தோற்றவர்களுக்கு இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

வேலையை வைத்துக்கொண்டு தனிநபர் உரிமத்தோடு நிற்பது இன்னொன்று. அதைத் தோல்வியாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். என்னோடு பயிற்சி தொடங்கிய பல் மருத்துவர் ஒருவர் அங்கேயே நின்றார். மாதம் இரண்டு முறை பறக்கிறார், யாருடைய பணி அட்டவணைக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. நான் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைக்கும் நாட்களில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் இரண்டு மாதம் ஒன்றுதான்: மெடிக்கல், அப்புறம் ஒரே பயிற்றுநருடன் பத்துப் பதினைந்து மணி நேரப் பறப்பு. அதற்கு வேலையை விட வேண்டியதில்லை. பதினைந்தாவது மணி நேரம் முடிந்ததும் பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள், "என் பணத்தை நீங்கள் வாங்காதவராக இருந்தால், என்னைத் தொடரச் சொல்வீர்களா?" என்னைப் பயிற்றுவித்தவர் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கூப்பிட்டு, எதிர்க்காற்றில் என் தரையிறக்கம் நன்று, பக்கக் காற்றில் மோசம், ரேடியோவில் பேசும்போது கையை மறந்துவிடுகிறேன், இரண்டு குறையையும் சரிசெய்யலாம், ஆனால் வாரம் ஒரு நாள் வந்தால் முடியாது என்றார்.